வார்டோவிலிருந்து கிர்க்கெனெஸ்: இருபது நிமிடப் பயணமா?

நோர்வேயின் வடகிழக்கு மூலையில், பாரென்ட்ஸ் கடலோரம் உள்ள வார்டோ என்னும் தீவு நகரத்தில் நாங்கள் இருக்கிறோம். இஸ்தான்புல்லை விடவும் கிழக்கே உள்ள ஊர் இது. மீன் தொழிற்சாலை வேலைக்கென்று 1980களிலிருந்தே எங்கள் ஆட்கள் இந்தக் கரையோர ஊர்களுக்கு வந்திருக்கிறார்கள். புதிதாக வரும் குடும்பங்கள் கேட்கும் முதற் கேள்வி, "பெரியாஸ்பத்திரி எவ்வளவு தூரம்?" என்பதுதான்.

பெரியாஸ்பத்திரி கிர்க்கெனெஸில் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். விமானம் பறக்கும் தூரம் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். ஆகாயத்தில் இருப்பது சுமார் 20 நிமிடம். ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவில் வராங்கர் பியோட் என்ற கடல் நிலத்துக்குள் நீண்டு கிடக்கிறது. கார் அதைச் சுற்றி, வாட்சோ, வராங்கர்பொட்ன் வழியாக 240 கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும். நல்ல காலநிலையிலேயே மூன்றரை மணித்தியாலம்.

இருபது நிமிடம் என்று மட்டும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். வார்டோ விமான நிலையம் தீவில் இல்லை, எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கே போகக் கடலுக்கு அடியில் 88 மீற்றர் ஆழம் வரை இறங்கும் சுரங்கப்பாதை உண்டு. 1980களின் தொடக்கத்தில் திறந்த இதுவே நோர்வேயின் முதலாவது கடலடிச் சுரங்கப்பாதை. கிர்க்கெனெஸிலும் விமான நிலையம் நகரத்துக்கு வெளியேதான். இடையில் வேறு ஊரில் இறங்கி ஏறும் விமானங்களும் உண்டு. வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு இரண்டு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை இங்கே சூரியன் உதிப்பதில்லை. இருட்டு விமானத்தை மறிக்காது, காற்றுத்தான் மறிக்கும். இது சிறிய விமானம், குறுகிய ஓடுபாதை. பனிப்புயல் அடித்தால் விமானமும் நிற்கும், வீதியும் மூடப்படும். அல்லது பனி அள்ளும் வாகனத்தின் பின்னால் வரிசையாகத்தான் கார்களை விடுவார்கள். கரையோரக் கப்பல் விடியுமுன் வந்து காலையில் கிர்க்கெனெஸ் சேரும். கடல் மோசமென்றால் அதுவும் பிந்தும்.

தூரம் வேறு, நேரம் வேறு என்பதை எங்கள் சனத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்த 1990களின் முற்பகுதியில், கிளாலிக் கடலேரியைத் தாண்ட எங்கள் மூத்தவர்கள் இரவிரவாக வள்ளத்துக்குக் காத்திருந்தார்கள். அங்கே தடை யுத்தம். இங்கே தடை காற்று. காற்று ஆளைத் தேடி வருவதில்லை; முன்கூட்டி ஆயத்தம் செய்தால் அதைச் சமாளிக்கலாம்.

ஆகவே, வைத்தியரைப் பார்க்க நாள் தந்தால் முதல் நாளே போய்விடுங்கள். இரண்டு நாளைக்கு உடுப்பும் மருந்தும் குழந்தைக்குப் பால்மாவும் கைப்பையில் இருக்கட்டும். கர்ப்பிணித் தாய்மார் எப்போது புறப்படுவது என்பதை மருத்துவிச்சியுடன் பல கிழமைகள் முன்பே பேசி முடிவெடுங்கள். ஆஸ்பத்திரிப் பயணச் செலவில் உங்கள் பங்கு போக மீதியை அரசாங்கம் தரும். பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. அதையும் புறப்படுமுன்பே கேட்டு வையுங்கள்.