குனிந்து பிடிடா, கண்ணா!

பிள்ளை கிரிக்கெட் ஆடினால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடிதான் உடையும். ரக்பி ஆடினால் எது உடையும் என்று யாரால் சொல்ல முடியும்? என் சின்னவன் காலேஜில் சேர்ந்த வருஷம் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டான். முட்டை வடிவில் ஒரு பந்து. பக்கத்துக்குப் பதினைந்து பேர். கையால் பந்தை முன்பக்கம் வீசக்கூடாதாம். ஆனால் பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாமாம்!

"இது ஆட்டமாடா, தெருச்சண்டையா?" என்றேன்.

"இதுக்கும் சட்டம் இருக்கும்மா. வந்து பாரு" என்றான்.

2018 ஜூனில் பிரான்சில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலக ரக்பி போட்டியை அவன் கம்ப்யூட்டரில் பார்க்க உட்கார்ந்தது அப்படித்தான். 2008-ல் வேல்ஸில் ஆரம்பித்த போட்டி இது. 2018-ல் பன்னிரண்டு நாடுகள். மீசைகூடச் சரியாக முளைக்காத முகங்கள். உடம்போ மதில் சுவர்! பெஸியேர் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் 33-25 என்று இங்கிலாந்தை ஜெயித்தது. சின்னவன் குதித்தான். என் மனசில் நின்றது வேறு.

ரக்பியில் தலையில் அடிபடுவது பெரும்பாலும் பிடிக்கப்படுகிறவனுக்கு இல்லையாம். பிடிக்கப் போகிறவனுக்குத்தான், நூற்றுக்கு எழுபதுக்கு மேல்! நிமிர்ந்து நின்றபடி பிடித்தால் தலையும் தலையும் மோதுகின்றன. அதனால் அந்தப் போட்டியில் ஒரு சோதனை செய்தார்கள். இடுப்பை வளைக்காமல் பிடிக்கப் போய்த் தலையில் மோதினால், ஆட்டம் முடிந்தபின் படத்தைப் பார்த்து எச்சரிக்கை. இரண்டு எச்சரிக்கை வாங்கினால் ஓர் ஆட்டத்துக்குத் தடை. மூளை அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று உலக ரக்பி அமைப்பு அறிவித்தது. ஒரே போட்டியின் கணக்கை வைத்து நிம்மதிப்பட முடியாதுதான். இங்கிலாந்தில் பெரியவர்கள் ஆட்டத்தில் அக்குளுக்குக் கீழேதான் பிடிக்கவேண்டும் என்று வைத்துப் பார்த்து, பலன் இல்லாமல் 2019 ஜனவரியில் கைவிட்டார்கள்.

மறு மாதமே சின்னவன் பயிற்சியில் மோதிக்கொண்டு வந்தான். ரத்தமில்லை, மயக்கமில்லை. "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றான். "காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன். விழித்தான். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றான். உடனே ஆட்டோ பிடித்தேன்.

டாக்டர் சொன்னதை நீங்களும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்பதில்லை. தலைவலி, குமட்டல், தடுமாற்றம், மறதி, எதுவும் அறிகுறியாகலாம். ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. வாயில் மாட்டும் உறை பல்லைக் காக்கும். மூளை குலுங்குவதைத் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால், இளவயதில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி நிற்காவிட்டாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

குறைந்தது மூன்று வாரம் போட்டி கிடையாது, அதன்பிறகும் டாக்டர் சொன்னால்தான் என்றார். கோச் போன் செய்தார். "சின்ன அடிதான் மேடம், ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு." "மேட்ச் அடுத்த வாரமும் வரும் சார்" என்று வைத்துவிட்டேன்.

மூன்று வாரமும் பிள்ளை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான், சாப்பிட்டானே! பிறகு காலேஜ் முடியும்வரை ஆடினான். கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்பேன்: "குனிஞ்சுதானேடா பிடிப்பே?"

"போம்மா!" என்பான்.