எங்கே ஐயா, அந்தக் கோடு?

வாசக நேயரே! கன்னியாகுமரிக்குப் போனால் நீங்களும் எல்லாரையும் போல முக்கடல் சங்கமத்தில் நின்று, ஒரு கடல் முடிந்து மறு கடல் தொடங்கும் கோடு எங்கே என்று தேடத்தான் போகிறீர்கள். கிடைக்காது! அலைக்கு ஏது எல்லைக் கல்?

போகட்டும்; கரையில் ஒரு கோலி சோடா வாங்குங்கள். 'புஸ்'ஸென்று கிளம்புகிறதே கரியமில வாயு, அதிலும் இதே வேடிக்கை உண்டு. அதைத் தடித்த கண்ணாடிக் குழாயில் தக்க அளவு அழுத்தி அடைத்தால், அடியில் திரவம், மேலே வாயு, நடுவே ஒரு கோடு தெரியும். மெல்லச் சூடாக்குங்கள். 31 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் குழாய்க்குள் பால் போல் வெளுக்கும், கோடு மறைந்துவிடும்! அதற்குமேல் திரவம் என்றும் வாயு என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. 1869-ல் பெல்பாஸ்ட் நகரத்து ஆண்ட்ரூஸ் விளக்கிய அதிசயம் இது. குமரிமுனையின் நடுப்பகல் வெயிலே அந்தச் சூட்டைத் தொட்டுவிடும்.

அது ஏன் வெளுக்கிறது? அணுத்திரள்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து கலைவதால் ஒளி சிதறுகிறது. 1923-ல் கல்கத்தாவில் ஸர் சி. வி. ராமனும் கே. ஆர். ராமநாதனும், அழுத்திய கரியமில வாயுவில் ஒளி சிதறுவதை ஆராய்ந்து எழுதினார்கள். எக்ஸ் கதிர்கள் திரவங்களிலும் கலவைகளிலும் சிதறுவதைப் பற்றியும் அதே ஆண்டில் எழுதினார்கள். ராமநாதன் முன்பு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பணியாற்றியவர். நாஞ்சில் நாடும் அப்போது திருவிதாங்கூரில்தானே இருந்தது? நமக்கு அவர் அயலாரா என்ன!

கூட்டத்தின் அளவை எப்படி அறிவது? இரவில் உங்கள் மூக்குக் கண்ணாடியில் வாயால் ஊதி, தூரத்து விளக்கைப் பாருங்கள். சுற்றி ஓர் ஒளி வளையம் தெரியும். நீர்த்துளி சிறிதானால் வளையம் பெரிது. துளி பெரிதானால் வளையம் சிறிது. துளியைத் தொடாமலே அளந்துவிடலாம்! அணுத்திரள் கூட்டம் மிகமிக நுண்ணியது. ஆகவே விளக்கொளிக்குப் பதில் எக்ஸ் கதிரையோ நியூட்ரானையோ அனுப்புகிறார்கள். நேர்வழியிலிருந்து சில டிகிரிக்குள் விலகி வருவதை அளக்கிறார்கள். 'சிறுகோணச் சிதறல்' என்பது இதுதான்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? மாறாமலையில் விளைகிறதே கிராம்பு, அதன் எண்ணெயை அழுத்திய கரியமில வாயு கரைத்து எடுத்துவிடும். அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு பறந்துபோகும், எண்ணெய் மிஞ்சும். பெட்ரோலியக் கரைப்பான்களின் மிச்சம் ஒரு பொட்டும் இராது. ஆனால் தண்ணீரோடு மட்டும் அதற்கு ஒத்துப்போகாது. இருவரையும் சமாதானப்படுத்தத் தனிவகைச் சோப்பு வேண்டும். அந்தச் சோப்பு உறைக்குள் நீர்த்துளிகள் அடங்கி, கரியமில வாயுவில் மிதப்பதை 1990-களில் நியூட்ரான் சிதறலைக் கொண்டுதான் உறுதி செய்தார்கள். இரும்புக் கலத்துக்குள் நடப்பதை வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?

ஆகவே, கடலில் கோடு தெரியவில்லையே என்று வருந்தாதீர்கள். கோடு அழிந்த இடத்தில்தான் ராமனுக்கு வேலை இருந்தது!

அடடா, பேச்சில் சோடாவை மறந்துவிட்டோமே. வாயு போவதற்குள் குடியுங்கள்!