வீணாய்ப் போன வோட்டு

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் எனக்கு என் தாத்தாவின் ஞாபகம் வந்துவிடும். தோற்கப் போகிற கட்சி எதுவென்று தெரிந்துகொண்டே அதற்கு வோட்டுப் போட்ட மனுஷர் அவர்.

1962-ஆம் வருஷத்துச் சங்கதி. எனக்குப் பத்து வயது. தஞ்சை ஜில்லாவில் எங்கள் ஊர். காங்கிரஸ் ஒரு பக்கம், தி.மு.க. ஒரு பக்கம், நடுவில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவு விவசாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த ஜூன் மாதமே, எண்பது வயதில், ராஜாஜி புதுக் கட்சி கண்டார். பர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று எதற்கெடுத்தாலும் சர்க்கார் வாசலில் காத்து நிற்க வேண்டியிருக்கிறதே என்பது அவருடைய புகார்.

தாத்தாவுக்கு லைசென்ஸ் வாங்கும்படியான தொழில் ஒன்றும் கிடையாது. இருந்தது மூன்று ஏக்கர் நஞ்சை. அதைக் கூட்டுப் பண்ணையில் சேர்த்துவிடுவார்களோ என்று பயம். திண்ணைத் தூணில் நட்சத்திரச் சின்னத்தை ஒட்டிவிட்டார்.

எதிர்வீட்டு மாமா கதர்க்காரர். சாயங்காலம் தவறாமல் திண்ணைக்கு வருவார்.

"உம்ம நட்சத்திரம் டிபாசிட்டையாவது காப்பாற்றுமா, ஓய்?"

ஆறில் ஒரு பங்கு வோட்டு வாங்காவிட்டால், கட்டிய 250 ரூபாய் போய்விடும். தாத்தா தெருத் தெருவாக விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"காப்பாற்றாது" என்றார்.

"பின்னே எதற்காகப் போடுகிறீர்? வீண்தானே?"

"எனக்கு வேண்டியதைச் சொல்லத்தான் வோட்டு. ஜெயிக்கிறவனைக் கண்டுபிடிக்க இதென்ன குதிரைப் பந்தயமா?"

அப்போது உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வந்தது: "மூணு ஏக்கர் வைச்சிண்டிருக்கிறவா பயப்படறது சரி. அதை உழறவன் எதுக்குப் பயப்படணும்? அவன் ஏன் உங்களுக்குப் போடணும்?"

தாத்தா பதில் சொல்லவில்லை. அந்தக் கட்சியின் ஜாதகத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் கணித்ததாக எனக்குத் தெரியவில்லை.

முடிவு வந்தது. 206 இடங்களில் காங்கிரஸுக்கு 139, தி.மு.க.வுக்கு 50, சுதந்திராவுக்கு 6. நூற்றுக்கு ஏழு வோட்டுக்கு மேல் விழுந்தும், நூற்றுக்கு மூன்று இடம்கூடக் கிடைக்கவில்லை. நம் தேர்தல் முறை அப்படி. ஊருக்கு ஊர் இறைந்து கிடக்கும் வோட்டுக்கு மதிப்பில்லை. ஓரிடத்தில் குவிந்தால்தான் உண்டு. எங்கள் தொகுதியில் டிபாசிட்டும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி செய்தார்கள். அழுதுகொண்டே வந்து, "ஜெயிக்கிற கட்சிக்குப் போட்டால் என்னவாம்?" என்று தாத்தாவிடம் கத்தினேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசாமல் விசிறினார்.

1967-ல் தி.மு.க.வுடன் கூட்டு. சுதந்திராவுக்கு 20 இடங்கள்! எங்கள் தொகுதியில் நட்சத்திரம் நிற்கவில்லை; தாத்தா உதயசூரியனுக்குப் போட வேண்டியதாயிற்று. எதிர்வீட்டு மாமாவே, தம் கட்சி தோற்ற துக்கத்தோடு, வந்து கை குலுக்கினார்.

தாத்தா சிரிக்கவில்லை. "அந்த ஆறு நம்மாத்து நகை, ஓய். இந்த இருபது இரவல்" என்றார்.

இரவல் நகை எத்தனை நாளைக்கு? 1971-ல் காமராஜின் ஸ்தாபன காங்கிரஸோடேயே கூட்டுச் சேர்ந்தார்கள். மறுபடியும் ஆறு இடங்கள்தான். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974-ல் கட்சியும் வேறொரு கட்சியில் கரைந்தது. தாத்தா அதைப் பார்க்க இருக்கவில்லை.

1991 ஜூலையில், பெரும்பாலான தொழில்களுக்கு இனி லைசென்ஸ் வேண்டாம் என்று அறிவித்தது எந்தக் கட்சியின் சர்க்கார் தெரியுமோ? காங்கிரஸ் சர்க்கார்தான்! பத்திரிகையும் கையுமாகத் திண்ணையைத் தேடிப் போக வேண்டும்போல் இருந்தது. திண்ணை ஏது? வீட்டை விற்று வெகு காலமாகிவிட்டது.

அவர் பயந்த கூட்டுப் பண்ணையும் வரவில்லை. ஆனால் பாட்டி கேட்ட கேள்விக்கு மட்டும் கடைசி வரையில் பதில் இல்லை.

இப்போது என் பேத்தி ஒரு சின்னக் கட்சியின் பெயரைச் சொல்லி, "ஜெயிக்குமா தாத்தா?" என்று கேட்கிறாள்.

நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். "ஜெயிக்காது" என்றேன்.

"அப்போ போடலாமா, கூடாதா?"

"தாராளமாய்ப் போடலாம். ஆனால் வோட்டுக் கேட்க வருகிறவரிடம், 'உழுகிறவன் உங்களுக்கு ஏன் போட வேண்டும்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடு."