மம்பெட்டியோட வந்த மாமா

போன ஆடியில ஒரு நாள். ராத்திரி பெய்த மழையில மரமெல்லாம் நனைஞ்சு கிடந்ததால கீரிப்பாறையில அன்னைக்கு ரப்பர் பால்வெட்டு இல்ல. பக்கத்து விளையில வெட்டுற மாமா, கையில மம்பெட்டியோட நொண்டி நொண்டி என் வேலிப்பக்கம் வந்தார்.

"மக்கா, இந்தச் செங்காந்தள் கிழங்கு ரெண்டு தோண்டட்டா?"

கால் பெருவிரல் வீங்கி ஒரு வாரம் ஆச்சு அவருக்கு. யூரிக் அமிலம் கூடினதால வர்ற வாதம். டாக்டர் எழுதின கோல்ச்சிசின் மாத்திரை தீர்ந்துபோச்சு. அது இந்தச் செடியிலதான் இருக்குன்னு யாரோ அவர் போனுக்கு அனுப்பியிருக்காங்க. "வேலியில சும்மா கெடக்கதுக்கு கடையில எதுக்கு துட்டு?"

அனுப்பினது பொய்யில்ல. நம்ம மாநிலப் பூதான் இது. கண்வலிக்கிழங்குன்னு மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பிப் பந்தல்ல ஏத்தி, பூவுக்குப் பூ கையாலயே மகரந்தம் தொட்டு வச்சுப் பயிராக்குறாங்க. அந்த விதைதான் மருந்துக்குப் போகுது.

மாமாவைத் திண்ணையில உட்காரவச்சு கணக்குப் போட்டேன். மாத்திரை ஒண்ணுல அரை மில்லிகிராம். கிழங்குல 10 கிராமுக்கு 6 மில்லிகிராம்னு மருத்துவக் கட்டுரைகள்ல ஒரு கணக்கு இருக்கு. அப்படின்னா 100 கிராம் கிழங்கு, 120 மாத்திரைக்குச் சமம்.

"வேவிச்சு தண்ணிய ஊத்திரலாம்லா? மரச்சீனிக்கு அப்படித்தானே செய்யுகோம்?"

இலங்கையில தின்கிற கிழங்குன்னு நினைச்சு அவிச்சுத் தின்னு செத்தவங்க உண்டு மாமான்னு சொன்னேன். முதல்ல சில மணி நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. உடம்புல புதுசா செல் பிரியுறதையே அது தடுத்துடும். குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அடிபடும். தப்பிச்சவங்களுக்கும் ரெண்டாவது வாரம் தலைமுடி கொட்டும்.

விஷம் தனி, மருந்து தனின்னா பிரிச்சுடலாம். இங்க ரெண்டும் ஒரே சரக்கு. அளவுதான் வித்தியாசம். அந்த அளவும் கிழங்குக்குக் கிழங்கு மாறும். ஆய்வகத்துல பொடிச்சு, சாறு இறக்கி, ஹெச்.பி.எல்.சி. கருவியில விடுறாங்க. ஒவ்வொரு சத்தும் ஒவ்வொரு நேரத்துல வெளிய வரும். அளவு தெரிஞ்ச சுத்தமான கோல்ச்சிசினோட ஒப்பிட்டு, எவ்வளவுன்னு சொல்றாங்க. என் கண்ணும் மாமா நாக்கும் அதைச் செய்யாது.

பைக்ல அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் உடனே மாத்திரை எழுதல. முதல்ல ரத்தம் எடுத்து கிட்னியைப் பார்த்தார். கிட்னி சரியில்லன்னா அந்த அரை மில்லிகிராமே கூடுதல் ஆயிடுமாம். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லல.

திரும்பி வந்தப்ப வேலியில நெருப்பு மாதிரி நாலு பூ. "பூ கொள்ளாம் மக்கா" என்றார். மம்பெட்டி திண்ணையில கிடந்தது.

அந்த வேலியோரம்தான் நான் காச்சில் நடுறது வழக்கம். அடுத்த வருஷம் வேற பக்கம்.