கூத்துக்கு ஷிஃப்ட் எதிரியா?

ஆலைகள் வந்தபின் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பென்னலூர்ப் பக்கம் பாரதக் கூத்து நிலைக்காது என்பவர்கள், கதை சொல்லப்படும் விதத்தைக் கவனிப்பதில்லை. காஞ்சிபுரம் வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் அதையே கட்டைக்கூத்தாக ஆடுவார்கள். கடைசியில், பாரதப் போரின் முடிவைக் காட்டும் படுகளத்தில், மண்ணால் செய்த துரியோதனன் கிடப்பான். எந்த வாசலில் நுழைந்தாலும் கதை கிடைக்கும். ஷிஃப்ட் தொழிலாளி விடிய விடிய உட்கார முடியுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் இடையில் புகுந்து நடந்ததைக் கேலியாகச் சொல்வது தூங்கி விழித்தவருக்கும் சேர்த்துத்தான். எனக்குக் கவலை ஆடுபவர்களைப் பற்றி. 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் தொடங்கிய குருகுலத்தில் சிறுமிகளும் ஆடக் கற்றார்கள். 2020இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி இப்படியொரு பள்ளிக்குப் போகலாமே.