சின்னாச்சியின் பிறைக்கணக்கு

ரொறன்ரோவில் வாழும் என் தங்கை சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, அழாக்குறையாக ஒரு முறைப்பாடு சொன்னாள். அவளுடைய மூத்த மகள், இருபத்தாறு வயதில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவள், தன்னைச் 'சூனியக்காரி' என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டாளாம். யன்னலோரத்தில் மெழுகுதிரி, உப்புக் கிண்ணம், பலநிறக் கற்கள். அமாவாசையன்று தாளில் எதையோ எழுதி மடித்து வைக்கிறாள். பௌர்ணமியன்று கற்களை நிலவில் 'கழுவுகிறாள்'. தலைமயிர் வெட்டுவதற்குக்கூட நிலவு வளரும் நாள் பார்க்கிறாள்.

"அண்ணை, நீங்கள் ஒருக்கால் அவளோட கதையுங்கோ. நீங்கள் சொன்னாற் கேப்பாள்."

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் ஊருக்குப் புத்தி சொல்லிப் பழகியவனிடம் இப்படிக் கேட்டால் விடுவானா? மருமகளோடு பேசுவதற்கு முன் இரண்டு நாட்கள் உட்கார்ந்து வாசித்தேன்.

வாசித்ததில் ஒரு விடயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மேலைநாடுகளில் இன்று 'விக்கா' என்று வழங்கும் இந்த நவீன சூனியக்கார சமயத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884இல் பிறந்த அவர் 1900இல், பதினாறு வயதுப் பையனாக, வேலைக்கு வந்து சேர்ந்த இடம் வேறெதுவுமில்லை, நம் இலங்கையின் தேயிலைத் தோட்டம்! பிறகு போர்னியோ, மலாயா என்று சுற்றி, மலாய்க்காரரின் கிரிஸ் கத்திகளைப் பற்றி ஒரு நூலும் எழுதி, முதுமையில் இங்கிலாந்து திரும்பினார். அங்கே 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல்தான் நீக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1954இல், சூனியக்காரர் மரபு இன்றும் உயிரோடிருக்கிறது என்று புத்தகம் போட்டார். தொன்மையானது என்று அவர் சொன்னதிற் பெரும்பகுதி அவர் காலத்திற் கோத்துக் கட்டப்பட்டதே என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடுவது அவர்களின் வழக்கம். வளர்பிறை கன்னி, பூரணை தாய், தேய்பிறை கிழவி என்பது அவர்களின் மூவுருவத் தேவி. தோட்டத்து லயன்களில் வாழ்ந்த நம்மவர்களின் கழிப்பையும் காவலையும் அந்தப் பையன் பார்த்திருப்பானோ? பார்த்திருக்கலாம். ஆனால் ஊகத்தைச் செய்தியாக்கும் பழக்கத்தை நான் விட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

மருமகளை அழைத்து இவ்வளவையும் ஒப்புவித்தேன். பொறுமையாகக் கேட்டாள். "இதெல்லாம் எனக்குத் தெரியும் மாமா" என்றாள். சொல்லப்போனால் என்னைவிட அதிகமாகவே தெரிந்திருந்தது. கல்கத்தாவில் இப்சிதா ராய் சக்ரவர்த்தி என்ற பெண்மணி 1980களிலேயே தாம் ஒரு சூனியக்காரி என்று பகிரங்கமாக அறிவித்ததைச் சொன்னாள். அதே இந்தியாவில், ஜார்க்கண்டில், அந்தச் சொல்லைச் சுமத்திக் கிராமத்துப் பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுப்பதற்கென்றே 2001இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்ததையும் அவளே சொன்னாள். பிறகு கேட்டாள்:

"மாமா, எங்கட ஊரில இப்பிடி ஆரும் இருந்தவையோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

அது பொய்.

ஊர்காவற்றுறைப் பட்டினத்துக்கும் கரம்பனுக்கும் இடையில், பூவரச வேலிக்குள் ஒரு மண்வீடு. அங்கே என் ஆச்சியின் தங்கை தனியாக வாழ்ந்தார். நாங்கள் சின்னாச்சி என்போம். இளவயதிலேயே கணவரை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. எழுத்தறிவும் இல்லை. வீட்டில் கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் தொங்கும், ஆனால் அதை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. மாலையில் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார், விரல் மடித்து எண்ணுவார், அவ்வளவுதான்.

அவருடைய மாதம் அந்த விரல்களில் இருந்தது. சதுர்த்தி, சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்று பாதி நாட்கள் விரதம். கதியால் நடுவது வளர்பிறையில், கூரைக்கு மரம் தறிப்பது தேய்பிறையில். தேய்பிறையில் தறித்த மரத்தில் பூச்சி விழாது என்பார். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய்க் கறி. தகப்பனை இழந்தவர்களின் நாள் அது. தாயை இழந்தவர்களுக்குச் சித்திரைப் பௌர்ணமி. அன்று கோயிலிற் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பார்கள். நிலவு காலத்தில் யாராவது நண்டு கொண்டுவந்தால் கையிலெடுத்துப் பார்த்து, "இது நிலவு நண்டு, கோதுதான்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தீவார் எல்லோருமே ஓரளவுக்கு இப்படி வாழ்ந்தவர்கள்தாம். மெலிஞ்சிமுனைக் கடற்றொழிலாளர் கத்தோலிக்கர், ஆனால் அவர்களும் 'நிலவு', 'இருட்டு' என்றே மாதத்தைப் பிரித்தார்கள். நிலவொளியில் மீனுக்கு வலை தெரிந்துவிடும், ஆகவே இருட்டிற் பாடு நல்லது. சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுக்கும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பெருக்கும் வற்றும் கூடுதல். எங்கள் கடலில் அது ஒரு முழம், இரண்டு முழத்துக்கு மேற் போகாது. எனினும் களங்கட்டி போட்டவனுக்கும், பரவைக்கடலில் வள்ளம் தாங்குபவனுக்கும் அந்த ஒரு முழம்தான் வாழ்க்கை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இளைய வாசகர்கள் நம்ப மாட்டார்கள். இந்த நாடே ஐந்து ஆண்டுகள் நிலவைப் பார்த்து வேலைக்குப் போயிருக்கிறது. 1966இல் டட்லி சேனாநாயக்கா அரசு ஞாயிறு விடுமுறையை நீக்கி, மாதத்தின் நான்கு போயா நாட்களை விடுமுறையாக்கியது. அமாவாசை, பூரணை, இரு அட்டமிகள். முந்திய நாள் அரைநாள் வேலை. சந்திர மாதம் இருபத்தொன்பதரை நாள் என்பதால் ஒரு வாரம் ஏழு நாள், மற்றொரு வாரம் எட்டு நாள். தபாற் கந்தோரில் வேலைபார்த்த ஐயா, ஞாயிறு காலை பூசைக்குப் போகவேண்டிய கத்தோலிக்க நண்பர்கள் கந்தோருக்கு ஓடிவந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். உலக வணிகத்தோடு ஒத்துப்போகவில்லை. 1971இன் விடுமுறைச் சட்டத்தோடு ஞாயிறு நிலைபெற்றது, பூரணைப் போயா மட்டும் தங்கியது. 'அரசாங்கம் சின்னாச்சியின்ர கணக்குக்கு வந்திட்டுது' என்பது அந்நாளில் எங்கள் வீட்டுப் பகிடியாம்.

நயினாதீவைப் பற்றியும் ஒரு இடைக்குறிப்பு. புத்தர் நாகதீபத்துக்கு வந்ததாக மகாவம்சம் குறிப்பது சித்திரை மாதத்துத் தேய்பிறை உபோசத நாள். இன்று அந்த வருகையை நினைவுகூர்வது பக் மாதப் பூரணைப் போயாவில். நிலவு விடயத்தில் மரபு நூலும் மரபும்கூட எப்போதும் ஒத்துப்போவதில்லை.

சின்னாச்சியிடம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வருவார்கள். செத்தல் மிளகாய், கல்லுப்பு, நாற்சந்தி மண். மூன்று தரம் சுற்றி நெருப்பில் இடுவார். மிளகாய் எரிந்தும் கமறாவிட்டால் நாவூறு. கமறினால், "இதுக்கு நான் ஆளில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ" என்பார். காசு வாங்கமாட்டார். வந்தவர்கள் படலையைத் தாண்டியதும் அவரைப் பற்றிப் பேசும் சொல் வேறு. தனியாக வாழும் விதவை, இரவில் முற்றத்தில் நின்று பிறை பார்ப்பவள். எந்த ஊரில்தான் அவளுக்கு வேறு பெயர் கிடைத்திருக்கிறது?

1989. இந்திய இராணுவம் இருந்த காலம். கலைப்பட்டப் பரீட்சை எழுதிவிட்டு யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பகுத்தறிவு தலைக்கேறிய வயது. ஊரில் ஒரு பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனது. சின்னாச்சியிடம் கொண்டுபோய் மூன்று நாட்களை வீணாக்கினார்கள், அதனால்தான் இறந்தது என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்றிரவே, 'தீவகத்தில் இன்னும் வாழும் சூனியக்காரிகள்' என்று ஒரு கட்டுரை எழுதினேன். பெயர் குறிப்பிடவில்லை. குறிப்பிடவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பூவரச வேலியும் தனிவீடும் பிறை பார்க்கும் கிழவியும் போதாதா? ஆசிரியர் முதுகில் தட்டினார். மூன்று பேர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சொந்த ஆச்சியின் தங்கை. பேருந்தில் ஏறினால் ஒரு மணித்தியாலம்.

கேட்டிருந்தால் அறிந்திருப்பேன். முதல் நாளே மிளகாய் கமறியது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். ஊரடங்கு. தகப்பன் இரண்டு நாட்கள் வெளிக்கிடப் பயந்திருக்கிறான். இதை எனக்குச் சொன்னவர் இறந்த பிள்ளையின் பேர்த்தியார், அதாவது தகப்பனைப் பெற்றவர். சொன்னது பல ஆண்டுகள் கழித்து.

1990 ஓகஸ்ட் 22இல் தீவுகள் மீது இராணுவ நடவடிக்கை தொடங்கியது. பண்ணைப் பாலத்தின் முனையில் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நடந்துகொண்டிருந்ததால் தரைவழி இல்லை. சனங்கள் வேலணைக் கரையில் குவிந்து, வள்ளங்களில் அராலிக்குக் கடந்தார்கள். நான் பட்டினத்தில் இருந்தேன். ஐயாவும் அம்மாவும் தங்கையும் அந்தக் கூட்டத்தில். இருள முந்தியே போய்விடவேண்டும் என்று எல்லோரும் வள்ளத்துக்கு அடிபட, சின்னாச்சி தடுத்திருக்கிறார். "அமாவாசை கழிஞ்சு ரண்டு நாள். பிறை எட்டு மணிக்குள்ள விழுந்திடும். அதுக்குப் பிறகு கும்மிருட்டு. அப்ப போவம்." ஐயா கேட்டார். அவரோடு நின்ற ஐந்தாறு குடும்பங்களும் கேட்டன. விளக்கில்லாமல், பேச்சில்லாமல், இருட்டில் அராலிக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களுக்கு ஒரு உறவினர் வீட்டில் இடம் கிடைத்தது. சின்னாச்சிக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்காரி கைக்குழந்தைக்காரி. என்னைத் தனியே கூப்பிட்டு, "குறை நினைக்காதையுங்கோ, வீட்டில பிள்ளை இருக்கு. நீங்கள்தானே பேப்பரில எழுதினனீங்கள்?" என்றார். மறுமொழி சொல்ல என்னால் முடியவில்லை. சின்னாச்சி பாடசாலை ஒன்றின் மண்டபத்தில், அகதிகளோடு, ஒரு வாங்கின் கீழ் படுத்தார். மாதங்கள் கழித்து நான் வாடகைக்கு ஓர் அறை பிடித்துக் கூட்டி வந்தேன். கட்டுரையைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. யாராவது வாசித்துக் காட்டியிருந்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் துணியவில்லை. இரண்டாவது தடவையும் கேட்காமல் விட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

1995 ஒக்டோபர் 24, சூரிய கிரகணம். அன்று குளித்து, உண்ணாமல் இருந்து, தர்ப்பையைத் தண்ணீர்க் குடத்திற் போட்டார். ஆறாம் நாள் வலிகாமமே எழுந்து நடந்தது. செம்மணி வெளியில் மழை. சைக்கிள் கரியரில் அவரை இருத்தி உருட்டிக்கொண்டு போனேன். அரைநிலவு நாள், ஆனால் மேகம். "எங்க நிக்கிறம் எண்டு தெரியேல்லையடா" என்றார். இடத்தைச் சொன்னாரோ, நாளைச் சொன்னாரோ.

1996 தை மாதம், பொங்கல் கழிந்த சில நாட்களில், தென்மராட்சியில் காலமானார். தேய்பிறைத் திரயோதசி. பிள்ளையில்லாதவர். சித்திரைப் பௌர்ணமிக்கு அவருக்காக விரதமிருக்க எவருமில்லை. நான் கொள்ளிவைத்தேன். திதியை நினைவில் வைத்திருந்தேனேயொழிய, ஒருநாளும் செய்ததில்லை. பகுத்தறிவு.

சென்ற வாரம் மருமகளை மறுபடி அழைத்தேன். முன்பு சொன்னது பொய் என்று சொல்லி, இங்கே எழுதியிருப்பதையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் அவள் பேசவில்லை. அவளுடைய கற்களிலும் மெழுகுதிரியிலும் எனக்கு இப்போதும் நம்பிக்கையில்லை, அதையும் மறைக்கவில்லை. அவள் தலைமயிருக்கும் நிலவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றேன். சிரித்தாள். பிறகு சின்னாச்சியின் பெயரையும் திதியையும் கேட்டாள். எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

நேற்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். வருகிற தை மாதத் திரயோதசிக்கு யன்னலோரத்தில் விளக்கு வைக்கப் போகிறாளாம். தங்கையும் சேர்ந்து கத்தரிக்காய்க் கறி சமைக்கிறாளாம். ஆனால் குளிர்காலத்தில் ரொறன்ரோ யாழ்ப்பாணத்துக்குப் பத்தரை மணித்தியாலம் பிந்தியது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான பன்னிரண்டு பாகைத் தூரம். அது உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிவது. ஆகவே அங்கே ஒரு நாள் முந்தி வரக்கூடும். எந்த நாளை எடுப்பது என்று கேட்டிருக்கிறாள். இருக்கிற ஊரின் வானத்தைப் பார்த்துத்தான் சின்னாச்சி எண்ணினார், நீயும் உன் ஊர்க் கணக்கையே எடு என்று எழுதினேன். அனுப்பிய பிறகு, எதற்கும் ஐயரிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்று கொக்குவிலுக்குத் தொலைபேசி எடுத்தேன்.