கரை நாடா

கோர்வைப் புடவையைத் தனியாளாக நெய்ய முடியாது. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்காக நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். பெரிய காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் சித்தப்பாவின் குழித்தறியில் அந்த இடம் என்னுடையது. பள்ளிக்கூடம் போவதற்கு முன் இரண்டு மணி நேரம் உட்காருவேன். நான் எழுந்தால் அவர் கை நின்றுவிடும்.

1991-இல் ஒருநாள் நான் உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கை நின்றது. "பாவுக்குள்ள யாரோ பேசறாங்கடா" என்றார். அன்றிரவு அவர் தூங்கவில்லை. அதற்கடுத்த பல இரவுகளும் தூங்கவில்லை.

காய்ச்சலுக்கென்றே ஜுரஹரேஸ்வரர் என்று ஒரு சாமி இருக்கிற ஊர் எங்களுடையது. புத்தி கலங்கினால் சோளிங்கர் போ என்பார்கள். போனோம். குளத்தில் முழுக்காட்டி, ஈரத்துணியோடு 406 படி ஏறி ஆஞ்சநேயர் சன்னிதியில் உட்கார வைத்தோம். எங்களைப் போல் வந்த குடும்பங்கள் அங்கே நிறைய இருந்தன. யாரும் யாரையும் வேடிக்கை பார்க்கவில்லை. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாவுக்குள் பேசியவர்கள் கூடவே வீடு திரும்பினார்கள். பிறகு யாரோ சொல்லிக் கொண்டுபோய் விட்ட வேறோர் இடத்தில் சித்தப்பாவின் காலில் சங்கிலி போட்டார்கள். நான்காம் நாள் சித்தி போய் அழைத்து வந்தபோது கணுக்காலில் புண்.

கடைசியில் வேலூர் பாகாயம். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் அங்கே 1957-இல் தொடங்கியது. நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்கியே ஆகவேண்டும் என்பது அந்த இடத்தின் வழக்கம். மனநோயாளியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய காலத்தில் அது பெரிய மாற்றம். சித்தி தங்கினார். கோடை விடுமுறையில் நானும் போய் இருந்தேன்.

அங்கேதான் 'சாப்ளின் ஐயா' வந்தார். நோயாளிகளோடு கூட இருக்க வரும் மருத்துவமனைப் போதகர் அவர். மதம் மாற்றிவிடுவார்களோ என்று பாட்டிக்குப் பயம். சித்தப்பாவின் தலையணைக்கு அடியில் ஏகாம்பரநாதர் கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்று வைக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். மூன்று நாள் சாப்ளின் ஐயா வந்து பக்கத்துப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். நான்காம் நாள் பொட்டலம் அவிழ்ந்து விபூதி தரையில் கொட்டிக் கிடந்தது. குனிந்து, அதைக் கையால் கூட்டி அள்ளி, பொட்டலத்தை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தார். அப்புறம் கேட்டார்:

"தம்பி, தறியில என்னா ஓடினு இருந்துச்சு?"

வெகுநேரம் கழித்துச் சித்தப்பா சொன்னார்: "பச்சை உடம்பு. அரக்குக் கரை."

வாரக்கணக்கில் அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. பேச்சு அத்தோடு முடிந்தது. மறுநாளும் ஐயா வந்து உட்கார்ந்தார்.

இந்த வேலைக்குத் தமிழில் சரியான பெயர் எனக்கு அகப்படவில்லை. மருத்துவர் உண்டு, பூசாரி உண்டு, பேயோட்டி உண்டு. குணப்படுத்தும் பொறுப்பில்லாமல் கூட இருப்பவரை என்னவென்று அழைப்பது? 'சாப்ளின்' என்ற சொல் ஒரு துணியிலிருந்து வந்தது என்று பின்னாளில் படித்தேன். ரோமானியப் படைவீரராக இருந்த மார்ட்டின், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தாராம். மீதிப் பாதியைப் பிற்காலத்தில் காத்துவந்த குருமார்களின் பெயர்தான் இப்படி ஆனது. நெசவுக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகுமா?

இந்த வேலையை ஒரு படிப்பாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் போதகர் ஆண்டன் பாய்சன். 1920-இல் அவரே மனம் கலங்கி மருத்துவமனையில் அடைபட்டார். 1924-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் அரசு மனநோய் மருத்துவமனைக்குச் சாப்ளினாகப் போனார். அடுத்த ஆண்டு இறையியல் மாணவர்களை அங்கே வரவழைத்தார். நோயாளிகளுக்குப் போதிக்க அல்ல, அவர்களிடம் கற்றுக்கொள்ள. சாப்ளின் ஐயா மூன்று நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது ஏன் என்று, இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் சங்கிலி ஒழிந்துவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அன்று நான் நினைத்தது சித்தப்பாவின் கணுக்காலை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிக்கு எந்த வகையிலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே இப்போது துஆவோடு மருந்தும் கிடைக்கிறது. பிரார்த்தனை வேண்டாம் என்று சொல்லாமல் மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல யோசனை.

சித்தப்பாவுக்குக் கேட்ட குரல்களை அடக்கியதும் மருந்துதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சித்தப்பா ஊர் திரும்பிய பிறகு எங்கள் திண்ணைக்கு முன்பு வெற்றிலை போட வந்தவர்கள் வரவில்லை. ஆள் வராத திண்ணைக்கு மாத்திரை கிடையாது. நான் மட்டும் மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். பச்சை உடம்பு, அரக்குக் கரை. பத்து நாளில் முடிய வேண்டிய மிச்சத்தை நான்கு மாதத்தில் முடித்தோம். கோர்வையில் இரண்டு இடம் பிசகியிருக்கிறது என்று கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

உங்கள் தெருவிலும் கை நின்றுபோன ஒருவர் இருப்பார். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கோயிலுக்கும் போங்கள். திரும்பி வந்த பிறகு, அவர் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.